படம் அப்புறம், முதல்ல சாப்பாடு

இந்த எபிசோடில் ஸ்பெகுலேட்டிவ் எவல்யூஷன் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே நேரம் முடிந்துவிட்டது. மிச்சத்தை இங்கே கொட்டிவிடுகிறேன்.

புதியவர்களுக்கு: பரிணாமம் இன்னும் பல கோடி ஆண்டுகள் ஓடினால் என்னென்ன உயிர்கள் வரும் என்று கணக்குப் போட்டு கற்பனை செய்கிற விளையாட்டு இது. டூகல் டிக்சன் 1981-ல் எழுதிய 'ஆஃப்டர் மேன்', மனிதன் இல்லாத 5 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய பூமியைக் காட்டியது. இப்போ ஏஐ-யிடம் ஒரு வரி எழுதினால் வரிசையா ஜந்துக்கள் வருது. ஆறு கண், நீலமா மின்னும் கொம்பு. அழகாத்தான் இருக்கு. ஆனா என்னைக் கேட்டால் முக்கால்வாசி வெறும் வால்பேப்பர். அந்தக் கொம்பை வளர்க்க சாப்பாடு எங்கேயிருந்து வருதுன்னு யாரும் கேட்பதில்லை. பட்ஜெட் சொல்லாத கிளையன்ட் மாதிரி.

ஒரு உலகம் நிற்குமா என்று பார்க்க, அதன் கடலடியில் ஒரு சின்ன ஜந்துவை வைத்துப் பாருங்கள். அங்கே ஏமாற்ற முடியாது. வெளிச்சம் கிடையாது. மேலே செத்ததும் கழிந்ததும் துகள்துகளாக இறங்குவதுதான் சோறு. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்.

நம்ம பூமியிலேயே பாருங்க. ஆழ்கடல் மீன்கள் அழுத்தத்தில் புரதங்கள் கெடாமலிருக்க டிஎம்ஏஓ என்ற சேர்மத்தை உடம்பில் சேர்க்கின்றன. ஆழம் கூடக் கூட அதுவும் கூட வேண்டும். சுமார் 8,200 மீட்டரில் உடலின் செறிவு கடல்நீரின் செறிவைத் தொட்டுவிடும். அதைத் தாண்டினால் தண்ணீர் உடலுக்குள் ஏறும். 2022-ல் ஜப்பான் அருகே ஒரு மீனைப் படம்பிடித்த ஆழம் 8,336 மீட்டர். கணக்கும் கேமராவும் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது!

அதனால் 9,500 மீட்டரில் வாழும் என் கற்பனை ஜந்து 'வண்டல்வாரி' மீனாக இருக்க முடியாது. இறாலுக்குத் தூரத்து உறவு, 3 சென்டிமீட்டர். கண் இல்லை, அது வீண் செலவு. எப்போதாவது ஒரு பிணம் விழும். அன்றைக்கு வயிறு பலூன் மாதிரி உப்பும் வரை தின்னும், பிறகு மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். இதைப் பெருமையா எழுதி வைத்த பிறகுதான் ஹிரோண்டெலியா கைகாஸ் பற்றிப் படித்தேன். மரியானா அகழியின் அடியில் நிஜமாகவே வாழும் ஆம்ஃபிபாட் அது. மூழ்கி வரும் மரத்துண்டைக்கூடச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் அதனிடம் இருக்கு. மரம்! எனக்கு அது தோணவே இல்லை.

ஏஐ படம் வரையட்டும், நானும் வரைய வைப்பேன், கடைசியில். படத்துக்கு மட்டும் லைக் விழுந்தால், கணக்குப் போடுகிற நாலு பேரும் கிளம்பிடுவாங்க. எனக்கு அந்த நாலு பேர் வேணும்.

உங்கள் கடலடி ஜந்துவை அனுப்புங்கள். முதல் வரியில் அது எதைத் தின்னுது, இரண்டாவதில் அதை எது தின்னுது. படம் இருந்தால் அதற்குக் கீழே. அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம்.