காயத்தை மட்டும் அளக்கும் சட்டம் போதாது

2024 ஆகஸ்ட் இறுதியில், மும்பையை அடுத்த கல்யாணில் இருக்கும் மகள் வீட்டுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த 72 வயது முஸ்லிம் முதியவர் ஒருவரை, மாட்டிறைச்சி வைத்திருப்பதாகச் சொல்லி, இகத்புரி அருகே ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டு அடித்தது. அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. தாணே ரயில்வே போலீஸார் முதலில் பதிந்தவை எல்லாம் ஜாமீனில் விடத்தக்க பிரிவுகள். கைதானவர்கள் உடனே வெளியே வந்துவிட்டார்கள். கண்டனம் வலுத்த பிறகுதான் மத உணர்வைப் புண்படுத்தியது, கொள்ளை ஆகிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, ஜாமீன் ரத்தானது. அந்த அடிக்கு உரிய பெயர் சட்டத்தில் இல்லாததால், போலீஸார் அதன் கொடுமையைச் சொல்ல வேறு பிரிவுகளைத் தேட வேண்டியிருந்தது. வெறுப்பால் நிகழும் குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை தேவையா என்றால், தேவை என்பதே என் பதில். ஆனால் அந்தக் கூடுதல், தூக்குத் தண்டனையைத் தேடிப் போகக் கூடாது. தண்டனை மிகக் குறைவாக இருக்கும் இடங்களில்தான் அது சேர வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கு இடம் இருப்பதுபோலத் தோன்றும். ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து, இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் 103(2) பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. சாதாரணக் கொலைக்கும் அதே தண்டனைதான். இதே காரணங்களுக்காகக் கும்பல் கொடுங்காயம் விளைவித்தால் 117(4) பிரிவில் ஏழாண்டு வரை சிறை; வெறுப்பு கலவாத கொடுங்காயத்துக்கும் ஏழாண்டுதான். பட்டியலில் மதம் என்ற சொல்லே இல்லை. நான்கு பேர் அடித்தால் இந்தப் பிரிவுகள் பொருந்தாது. எலும்பு முறியாத அடிக்கு 115(2) பிரிவில் அதிகபட்சம் ஓராண்டு சிறை. அடித்தவர் ஏன் அடித்தார் என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை. ரயில் பெட்டியிலும் தெருவிலும் நடக்கும் வெறுப்புத் தாக்குதல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

காயம் ஒன்றாகவே இருக்கும்போது குற்றம் மட்டும் எப்படிப் பெரிதாகும் என்று கேட்கலாம். சொந்தப் பகையில் அடிபட்டவர் சமாதானம் பேசலாம், விலகிப் போகலாம். பிறப்புக்காக அடிபட்டவர் எதை விட்டு விலகுவார்? அந்த அடி அவரோடு நிற்பதும் இல்லை. 1966இல் மும்பையில் தொடங்கப்பட்ட சிவசேனா தன் முதல் ஆண்டுகளில் தென்னிந்தியர்களைக் குறிவைத்தது; உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. உடைந்த கண்ணாடி ஓட்டல்காரருடையது. அச்சமோ மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் உரியதாயிற்று. 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வு எழுத வந்த வட இந்திய இளைஞர்கள் கல்யாண் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்டபோதும் அடி சிலருக்குத்தான் விழுந்தது. இந்த ஊர் உங்களுக்கு இல்லை என்ற செய்தி லட்சக்கணக்கானோருக்குப் போனது. இந்தப் பெரிய சேதத்தையும் கணக்கில் எடுப்பதே நீதி.

இது எண்ணத்துக்குத் தண்டனை என்பது முக்கியமான ஆட்சேபம். ஒருவர் மனத்துக்குள் யாரை வெறுத்தாலும் அது சட்டத்தின் வேலை இல்லை என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அந்த வெறுப்பால் ஆளைத் தேர்ந்தெடுத்து அடிப்பது செயல். பேச்சுரிமையை உயிராய்க் காக்கும் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றமே 1993இல் விஸ்கான்சின் வழக்கில் இத்தகைய கூடுதல் தண்டனை செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நோக்கத்தைப் பற்றிச் சட்டம் மௌனம் காத்தால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்திலேயே சான்று உண்டு. 2014இல் புணேயில் முஸ்லிம் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், கொல்லப்பட்டவர் வேறு மதத்தவர் என்பது தவிர வேறு பகை இல்லை என்பதையே குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குச் சாதகமாகக் கொண்டு, 2017இல் மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் அளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அவர்கள் பின்னர் 2023இல் விடுதலையானார்கள். இங்கே என் கேள்வி அவர்களைப் பற்றியதல்ல; மத வெறுப்பைக் குற்றத்தைக் குறைக்கும் காரணமாக ஒரு நீதிமன்றம் கருத முடிந்ததைப் பற்றியது.

கடுமையால் குற்றம் குறையாது, தண்டனை நிச்சயம் கிடைக்கும் என்ற அச்சமே குறைக்கும் என்பார்கள். உண்மைதான். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருந்தும், 2006இல் மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் ஒரு தலித் குடும்பத்தினர் படுகொலை செய்யப்பட்ட வழக்கில் சாதி நோக்கம் நிரூபணமாகவில்லை என்று விசாரணை நீதிமன்றம் அந்தச் சட்டத்தைப் பொருத்த மறுத்தது. நோக்கத்தை விசாரிக்காத போலீஸிடம் எவ்வளவு கடுமையான சட்டத்தைக் கொடுத்தும் பயனில்லை. ஆனால் நோக்கம் குற்றத்தின் ஒரு பகுதியாக எழுதப்பட்டால்தான் புலன்விசாரணை அதிகாரி அதைத் தேடியாக வேண்டும். தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சத்துக்கும் இதுவே மருந்து. 2024 டிசம்பரில் கல்யாண் மேற்கில் ஊதுபத்திப் புகையில் தொடங்கிய அண்டைவீட்டுச் சண்டை, அடிதடியாகி, மராத்தியர்–வெளியார் தகராறாக மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. இப்படிப்பட்ட வழக்கில் அடிக்குக் காரணம் புகையா மொழியா என்பதை அரசுத் தரப்பு ஐயமற நிரூபிக்க வேண்டும்; முடியாவிட்டால் சாதாரணத் தண்டனை போதும்.

ஆகவே நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை தெளிவானவை. ஐந்து பேர் என்ற நிபந்தனை நீங்க வேண்டும். பட்டியலில் மதம் வெளிப்படையாக இடம்பெற வேண்டும். சாதாரணக் காயம், மிரட்டல், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கு வெறுப்பு நோக்கம் நிரூபணமானால் சில ஆண்டுகள் கூடுதல் சிறை வேண்டும். கும்பல் கொலை வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை இவற்றுக்கும் விரிக்க வேண்டும். இந்தச் சட்டம் மும்பைத் தமிழருக்கு எந்த அளவு காவலோ, திருப்பூரில் வேலை செய்யும் பிகார் தொழிலாளிக்கும் அதே அளவு காவலாக இருக்க வேண்டும். அவரை நம்மவர் ஒருவர் அடித்தாலும் அந்தக் கூடுதல் தண்டனை தயங்காமல் விழ வேண்டும் என்று சொல்லும்போதுதான், மும்பையில் நமக்காகக் கேட்கும் தகுதி நமக்கு வரும்.