பெயருக்கும் பத்து மார்க்

பேரனுக்கு நல்ல கட்-ஆஃப். அரசு பொறியியல் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும். ஆனால் நண்பருக்கு ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் மீதுதான் கண். "என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் முன்னால் இருக்கிறதே சார்!" என்கிறார்.

அந்தப் பட்டியலில் நூற்றுக்குப் பத்து மார்க், வெளியே என்ன பெயர் என்பதற்கே. பெயரெடுத்தவனுக்குப் பெயருக்காகவே மார்க்! மற்ற விவரங்களில் பெரும்பகுதி, கல்லூரிகளே எழுதிக் கொடுப்பவை.

சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பி.இ. படித்தது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில். 1945இல் தொடங்கிய கல்லூரி அது. முழுப்பக்க விளம்பரம் கொடுத்தா ஆள் பிடித்தார்கள்? (அந்த விளம்பரச் செலவும் நாம் கட்டும் ஃபீஸில்தான்.)

நண்பர் ஊர் நிலத்தை விற்கப்போகிறாராம். "அட்வான்ஸ் வாங்குமுன் அரசு கல்லூரி லேபை ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றேன். இரண்டு நாளாக வாக்கிங் வரவில்லை.