அஞ்சல் தலைக்கு வரிவிலக்கு: யாருக்கு இலாபம்?

வரிவிலக்கு என்றாலே நமக்கு மகிழ்ச்சிதான். அரசாங்கம் நம் பையில் பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால், வெளுத்ததெல்லாம் பால் அல்ல. சுவீடன் நாட்டு அஞ்சல் தலை இதற்கு நல்ல சான்று.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, பொது அஞ்சல் சேவைக்கு மதிப்புக் கூட்டு வரியிலிருந்து விலக்கு உண்டு. சுவீடனோ அதற்கும் 25 விழுக்காடு வரி விதித்து வந்தது. அது தவறு என்று 2015 ஏப்ரலில் ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரல் 1 முதல் அஞ்சல் தலைக்கு வரி நீங்கியது.

அதுவரை ஓர் உள்நாட்டுக் கடிதத்துக்கு 7 குரோனர். அதில் வரி மட்டும் 1.40. அப்படியானால் புதிய விலை 5.60 ஆக இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால், 6.50 குரோனருக்குத்தான் விற்றார்கள்.

ஏன்? அஞ்சல் நிறுவனமும் வண்டி, எரிபொருள், இயந்திரம் வாங்கும்போது வரி கட்டுகிறது. தன் சேவைக்கு வரி வசூலிக்கும் வரை, அப்படிக் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். சேவைக்கு விலக்கு வந்ததும் அந்த உரிமை போய்விடுகிறது. கட்டிய வரி செலவாகி, அஞ்சல் தலையின் விலைக்குள் ஒளிந்துகொள்கிறது.

இதில் யாருக்கு இலாபம்? பாட்டிக்குக் கடிதம் எழுதும் பேரனுக்கு அரைக் குரோனர் மிச்சம். வரியைக் கழிக்க முடியாத தொண்டு அமைப்புக்கும் அப்படியே. ஆனால், வரியைக் கழித்து 5.60 மட்டுமே சுமந்த சிறு வணிகருக்கு அப்போது 6.50 ஆனது. ஒருவருக்கு விலைக்குறைப்பு, மற்றவருக்கு விலையேற்றம்!

நம் நாட்டிலும் 2015 ஏப்ரல் முதல் 2018 மே வரை 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி இருந்தது. அரிசிக்குச் சுழிய விகிதம். பேருந்துக் கட்டணத்துக்கு விலக்கு. இரண்டையும் 'வரி இல்லை' என்று ஒரே மூச்சில் சொன்னோம். அரிசி வணிகர், தாம் கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம். பேருந்து நிறுவனம் பெற முடியாது. இந்த வேறுபாட்டை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

விலக்கே கூடாது என்பது என் வாதமன்று. அஞ்சல் துறையின் பெருஞ்செலவு சம்பளம்; அதற்கு இந்த வரி கிடையாது. அதனால் விலக்கு சாமானியருக்கு ஓரளவு உதவவே செய்கிறது. ஆனால், அஞ்சல் சேவையின் உண்மையான மக்கள் நலன், தலைநகரவாசிக்கும் தொலைதூரக் கிராமத்தவருக்கும் ஒரே கட்டணம் என்பதில்தான் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவை அரசு வரவு செலவுத் திட்டத்தில் வெளிப்படையாக எழுதித் தரட்டும். கணக்கு கண்ணுக்குத் தெரிந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.

இனி எவரேனும் வரிவிலக்கு என்று அறிவித்தால், கைதட்டுவதற்கு முன் ஒன்று கேட்போம்: உள்ளே கட்டிய வரியை யார் சுமப்பது?