மின் அறுந்தும் அவியாத நகர்

ஒரு நகரின் உயிர் அதன் மின்கம்பியில் ஓடுகின்றது என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். கம்பி அறுந்தால் கடை மூடும். கடை மூடினால் ஊர் முடங்கும் என்பது அவர்தம் கணக்கு. அக்கணக்குப் பிழைபட்டது என்பதைக் கடலுக்கு அப்பால் வாழும் நம் இனத்தவரே ஐந்தாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து மெய்ப்பித்தனர். 1990 சூன் திங்களில் ஈழத்தில் மீண்டும் போர் மூண்டது. மலையகத்து நீர்மின் நிலையங்களிலிருந்து வடக்கே வந்த மின்தொடர் அறுந்தது. அதன்பின், 1995 கடைசியில் இலங்கைப் படை நகரைப் பிடிக்கும் வரையிலும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல இலக்கம் மக்களுக்கு வீட்டில் ஒரு விளக்கெரிக்கவும் பொதுமின் இல்லை. ஆயினும் யாழ்ப்பாணம் அவிந்து போகவில்லை. அங்கே கடை திறந்தது, நாளிதழ் வந்தது, பிள்ளைகள் தேர்வெழுதினர். அஃது எவ்வாறு நடந்தது என்பதை இத்திங்கள் எழுத விழைகின்றோம்.

கடலூர், சிதம்பரத்து அன்பர்கள் இதனைக் கூர்ந்து படித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்திற் பள்ளி நிறுவினார். மட்டக்களப்புப் பக்கத்து விபுலானந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். அத்துணை நெருங்கிய உறவு நமக்கும் அவர்க்கும். மேலும், இருள் இன்னதென்று நம் மாவட்டத்தார்க்கு எவரும் சொல்லித் தர வேண்டுவதில்லை. 2011 திசம்பர் 30-ஆம் நாள் விடியலில் தானே புயல் கடலூர்க்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கிற் சாய்ந்தன. பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு வீழ்ந்தன. சிற்றூர்கள் பலவற்றிற் கிழமைக் கணக்கில் மின் இல்லை. மறு ஆண்டிலோ புயல் ஏதும் இன்றியே, சென்னை நீங்கலாகத் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு வந்தது. சென்னைக்கு மட்டும் ஓரிரு மணி நேரம். நெய்வேலியில் 1962 முதல் நம் மண்ணைத் தோண்டி ஆக்கிய மின் அண்டை மாநிலங்களுக்கும் பகிரப்படுகின்றது. நிலம் கொடுத்த மாவட்டமோ கைவிசிறியோடு திண்ணையில் அமர்ந்திருந்தது. அது தனியே எழுத வேண்டிய வழக்கு.

ஆனால் நாம் கண்ட இருளும் அவர் கண்ட இருளும் ஒன்றல்ல. நமக்குக் கம்பி போனபோது கடையில் மண்ணெண்ணெய் இருந்தது, மெழுகுதிரி இருந்தது, வாடகைக்கு மின்னாக்கி வந்தது. நீர்த்தொட்டியை நிரப்பித் தரவும் கைப்பேசிக்கு மின்னேற்றித் தரவும் அந்த மின்னாக்கியைக் கொண்டே சிலர் ஒரு தொழிலையே நடத்தினர். யாழ்ப்பாணத்தில் கம்பி போனதோடு பொருளும் போயிற்று. எரிநெய், மின்கலம், உரம், சீமைக்காரை, இன்னும் எத்தனையோ பொருள்களைக் குடாநாட்டுக்குக் கொண்டு செல்ல அரசு தடை விதித்தது. மண்ணெண்ணெய் அளந்து விடப்பட்டது. ஆனையிறவுப் பெருஞ்சாலை அடைபட்டது. கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடந்து, கடற்படையின் சூட்டுக்கு உயிர்தப்பியவர்கள் மிதிவண்டியிற் கட்டி வந்த சரக்கே கடைக்கு வந்த சரக்கு. ஒரு புட்டி மண்ணெண்ணெய் அங்கே செல்வமாயிற்று.

அச்செல்வத்தை எப்படிச் செலவிட்டனர் என்பதிலேதான் அம்மக்களின் அறிவு வெளிப்பட்டது. பழப்பாகு விற்ற சிறு கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்தனர். அடியிற் சிறிது பஞ்சு. அப்பஞ்சு நனையும் அளவிற்கே மண்ணெண்ணெய். அதில் ஒரு மெல்லிய திரி. திரி புட்டிக்கு உள்ளேயே எரியும். புட்டியின் சுவரே காற்றுத் தடுப்பாகி விடும். அரிக்கன் விளக்குக் குடிக்கும் எண்ணெயிற் சிறு பங்கு இதற்குப் போதும். சுடர் பெரிதன்று, ஒரு பொத்தகத்தின் ஒரு பக்கத்தைக் காட்டும், அவ்வளவே. அப்பக்கத்தைப் படித்தே ஒரு தலைமுறை பள்ளியிறுதித் தேர்வும் பல்கலைக்கழக நுழைவும் கண்டது. மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாத வீட்டில் தேங்காய் எண்ணெய் அகல் எரிந்தது. அதுவும் இல்லாத வீட்டில் பிள்ளைகள் பொழுதோடு படித்து முடித்தனர். இவ்விளக்கை வடித்தவன் இன்னான் என்று எவர்க்கும் தெரியாது. பட்டமும் பரிசும் பெறாத ஏதோ ஒரு கை அதனைச் செய்திருக்க வேண்டும்.

செய்தி கேட்கவும் வழி கண்டனர். மின்கலம் வாராமையால், மிதிவண்டியைத் தலைகீழாய் நிறுத்திச் சக்கரத்தைக் கையாற் சுழற்றி, அதிலுள்ள மின்னாக்கியாகிய டைனமோவிலிருந்து வானொலிக்குக் கம்பி கொடுத்தனர். ஒருவர் சுழற்ற, சுற்றிலும் அயல்வீட்டார் அமர்ந்து இலண்டனிலிருந்து வந்த தமிழோசையைக் கேட்டனர். சுழற்றுகிறவன் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும்.

உந்துவண்டிகளின் கதை இதனினும் வியப்பானது. பழைய ஆசுட்டின், மோரிசு மகிழுந்துகள் யாழ்ப்பாணத்தில் மிகுதி. கன்னெய் எனும் பெட்ரோல் கிடைப்பது அரிதாகவே, எண்ணெயையும் காற்றையும் கலந்துவிடும் உறுப்பில் சில துளி கன்னெய் மட்டும் விட்டுப் பொறியைக் கிளப்புவர்; அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். புகை கக்கும், இருமும், ஆயினும் நோயாளியைக் கொண்டுபோய் மருத்துவமனையிற் சேர்க்கும். புதிய வண்டிகள் இதற்கு இணங்கவில்லை. எளிய பொறியுடைய கிழட்டு வண்டிகளே கைகொடுத்தன. இரண்டாம் உலகப் போரில் நம் தமிழகத்துப் பேருந்துகளும் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிவளியில் ஓடியவைதாம். அக்கைத்திறனை நாம் மறந்தோம். அவர்கள் புதிதாய்க் கற்றனர். வண்டி பழுதுபார்ப்போரும் மிதிவண்டிக் கடைக்காரருமே அந்நாளில் ஊரின் தலைமைத் தொழிலாளராயினர்.

கடைத்தெரு எப்படி இருந்தது? கோட்டையைச் சூழ்ந்த போரில் நகர நடுவிலிருந்த பெரிய கடைத்தெரு இடிந்தது. வணிகம் உள்ளூர்ச் சந்திகளுக்கு நகர்ந்தது. வெளிச்சம் இருக்கும் போதே வணிகத்தை முடிக்க முற்பட்டனர். தையற்காரரின் மிதிபொறிக்கு மின் என்றும் தேவைப்பட்டதில்லை. கொல்லனின் துருத்திக்கும் அப்படியே. மாவரைக்கும் பொறி நின்ற ஊர்களில் உரலும் திருகையும் மீண்டும் முற்றத்துக்கு வந்தன. வெண்சருக்கரை விலையேறவே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தனர். வழலைக்கட்டி அரிதானபோது பனம்பழச் சாற்றில் துணி வெளுத்தவர்களும் உண்டு. தோட்டக்காரன் நீரிறைக்கும் பொறியை நிறுத்தித் துலாவை நாட்டினான்; துலா என்பது நம் ஏற்றமே. மீனவர் பாடுதான் பெரும்பாடு. கடலுக்குப் போகத் தடை. போய் வந்தாலும் பனிக்கட்டி இல்லை. அன்றைய மீன் அன்றே விற்றாக வேண்டும், இல்லையேல் கருவாடு. கடலூர்த் துறைமுகத்தில் பனிக்கட்டி வண்டிக்காகக் காத்து நிற்பவர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

அச்சகமும் நிற்கவில்லை. 1985-இல் தொடங்கிய 'உதயன்' நாளிதழ் அச்சுத்தாள் கிடைக்காதபோது பள்ளிக் குறிப்பேட்டின் கோடிட்ட தாளில் அச்சாகி வந்தது. பக்கம் குறைந்தது, நாள் தவறவில்லை. 'வெளிச்சம்' என்னும் பெயரில் ஓர் இலக்கிய இதழ் தோன்றியதும் அவ்விருண்ட ஆண்டுகளில்தான். வழவழத் தாளில் ஐந்நிற அட்டையோடு வந்தும் படிப்பதற்கு ஒரு வரியில்லாத நம் கிழமையிதழ்களை எண்ணி நாம் நாணலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விறகடுப்பிற் சுடும் அப்பக் கடைக்கு மின் தேவையில்லை. மாவு கிடைத்த நாளெல்லாம் அது நடந்தது. அக்கடைக்கு அக்காலத்தில் வழங்கத் தொடங்கிய பெயர் 'வெதுப்பகம்'. 'குளிர்களி'யும் அப்படி வந்ததே. இப்பெயர்களுட் பல அன்று அங்கு ஆண்ட இயக்கத்தாரின் கட்டளையால் வந்தவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டளையிட்டவர் ஆட்சி போய்ப் பல ஆண்டுகள் கழிந்தும் வெதுப்பகம் என்னும் சொல் யாழ்ப்பாணத் தெருக்களில் நிற்கின்றது. மக்கள் வாயில் நிற்கின்றது. நமக்கும் விதி உண்டு: கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதலிடம் பெற வேண்டுமெனத் தமிழ்நாட்டரசின் விதி சொல்கின்றது. கடலூரின் கடைத்தெருவிலும் சிதம்பரத்தின் நான்கு தேர்த்தெருக்களிலும் மாலையில் நடந்து பாருங்கள். மின்விளக்கில் ஒளிவிடும் பலகைகளில் எத்தனை பேக்கரி, எத்தனை வெதுப்பகம் என்று எண்ணிப் பாருங்கள். விளக்கில்லாத ஊரில் தமிழ்ப்பெயர் தெரிந்தது!

இனி, இனப்பற்றின் பெயரால் மறைக்கலாகாத ஒன்று. அதே 1990-இன் அக்டோபர்த் திங்களில் வடமாகாணத்து முசுலிம்கள் எழுபதினாயிரம் பேர்க்கு மேல் அந்த இயக்கத்தாராலேயே வெளியேற்றப்பட்டனர். யாழ்நகரத்தார்க்கு அக்டோபர் 30-ஆம் நாள் தரப்பட்டது இரண்டு மணி நேரமே. அவர்களும் தமிழைத் தாய்மொழியாய்க் கொண்டவர். நகரின் வணிகத்திலும் தையலிலும் இரும்புக் கடைகளிலும் பெரும்பங்கு கொண்டவர். அவர்தம் கடைகள் மூடியதற்கு மின்வெட்டுக் காரணமன்று. பகைவன் இழைத்ததை மட்டும் எழுதி நம்மவர் இழைத்ததை விட்டுவிடுவது வரலாறாகாது. விலையைப் பற்றியும் உண்மை சொல்ல வேண்டும்: தட்டுப்பாட்டிற் பதுக்கியவரும் அங்கே உண்டு. புட்டி விளக்கை எல்லாரும் ஏற்றினர். ஆனால் அதில் விடும் எண்ணெயை எல்லாரும் ஒரே எளிமையோடு வாங்கவில்லை.

முசுலிம்கள் வெளியேற்றப்பட்டுச் சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995 அக்டோபர் 30-ஆம் நாள் இரவு, எஞ்சியிருந்த நகரமும் எழுந்து நடந்தது. படை நெருங்கி வர, வலிகாமத்து மக்கள் சில இலக்கம் பேர் மழையிலும் சேற்றிலும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். சிறு நகராகிய சாவகச்சேரி பெருநகராயிற்று. பெயர்ந்து வந்த மக்களோடு கடையும் பெயர்ந்து வந்தது. சாலையோரத்துச் சாக்கு விரிப்பே கடையாயிற்று. திசம்பரில் யாழ்நகர் படையின் கைக்குப் போயிற்று. மறு ஆண்டு பெரும்பாலோர் திரும்பினர். 2009-இல் போர் முடிந்த பின்னும் சில ஆண்டுகள் கழித்தே குடாநாடு நாட்டின் பொதுமின் தொடரோடு மீண்டும் இணைந்தது.

யாழ்ப்பாணம் இருண்டிருந்த அதே ஆண்டுகளில், 1992 முதல் 1996 வரை, ஐரோப்பாவில் சரயேவோ நகர் முற்றுகைக்குள் இருந்தது. அங்கும் மின் இல்லை. அங்கும் நாளிதழ் நிற்கவில்லை. அதனை உலகம் அறியும்; அதுபற்றி நூல்கள் வந்தன, திரைப்படங்கள் வந்தன. 2022 அக்டோபர் முதல் உக்கிரேனின் மின்நிலையங்களை உருசியா தாக்கியபோது, கீவ் நகரக் கடைகள் மின்னாக்கியை வாயிலில் வைத்து வணிகம் நடத்திய படம் அன்றன்றே நம் கைப்பேசிக்கு வந்தது. அவர்களின் துன்பத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. யாழ்ப்பாணத்துப் புட்டி விளக்கின் படம் நம்மிற் எத்தனை பேரிடம் உள்ளது என்பதே நம் வினா. வெளியார் செய்தியாளர் அங்கே செல்லுதல் அரிதாயிருந்தது என்பது ஒரு காரணம். கடலுக்கு இப்பால் ஆறு கோடித் தமிழர் இருந்தும், மேடையில் முழங்கினோமே ஒழிய, அவர்கள் அன்றாடம் எப்படி உண்டனர், எப்படி விற்றனர், எப்படி விளக்கேற்றினர் என்று உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை என்பது மற்றொரு காரணம். வீரம் பாடுவது நமக்கு எளிது; திரியின் நீளத்தைக் கேட்டறிவது நமக்குச் சிறுமையாய்ப் பட்டது.

1990-இல் முப்பது அகவையினராய் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டனர். அவருட் சிலர் வெகுதொலைவில் இல்லை. கடலூர் மாவட்டத்திலும் ஈழத்தமிழர் மறுவாழ்வுக் குடியிருப்புகள் உள்ளன. சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகமே உள்ளது; அதிலே தமிழ்த்துறையும் வரலாற்றுத் துறையும் உள்ளன. மாணவ அன்பர்கள் ஒரு குறிப்பேட்டோடு அக்குடியிருப்புகளுக்குச் செல்லட்டும். அரசியல் கேட்க வேண்டா. விளக்கை எப்படிச் செய்தீர்கள், ஒரு புட்டி எண்ணெய் எத்தனை இரவுக்கு வந்தது, பொறியை எப்படிக் கிளப்பினீர்கள், கடன் கொடுத்த கடைக்காரர் கணக்கை எதில் எழுதினார், எந்தக் கருவிக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்கட்டும். அவர்கள் சொல்லும் சொல்லை அவர்கள் சொன்னபடியே, நாம் திருத்தாமல், எழுதிக்கொள்ளட்டும். தானே புயல் நாள்களில் நம் ஊர்க் கடைக்காரர் செய்தவற்றையும் அதனோடு சேர்த்து எழுதலாம். படியெடுத்து நமக்கு விடுத்தால், கிடைத்த வரிசையில் இவ்விதழில் இடம் ஒதுக்குவோம்.