கொசுப் புகை போட்டா மூளைக்காய்ச்சல் போயிடுமா?

விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனத்துக்கு பஸ்ல போனா வழியெல்லாம் ஏரியும் நெல்லு வயலும்தான். நடவு முடிஞ்சு தண்ணி நிக்கிற நேரத்துல கொக்குங்க வெள்ளை வெளேர்னு இறங்கியிருக்கும். பார்க்க அழகுதான். ஆனா ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் காட்சியிலயே இருக்குங்க.

பேருதான் ஜப்பான். இந்தியாவுல இது மனுஷங்களுக்கு வந்ததை முதல்ல கண்டறிஞ்சது 1955-ல, நம்ம வேலூர்ப் பக்கம். கிருமி கொக்கு, நாரை, பன்னி உடம்புல பெருகுது. நெல் வயல் தண்ணியில வளர்ற கியூலெக்ஸ் கொசு அதை எடுத்துட்டு வந்து பிள்ளைங்களைக் கடிக்குது.

எங்கயாவது ஒரு குழந்தைக்கு வந்துடுச்சுன்னா நம்ம மக்கள் கேட்கிறது ரெண்டே கேள்வி. "கொசு மருந்து அடிச்சாங்களா?" "பன்னியைப் பிடிச்சாங்களா?" கேட்கட்டும், தப்பில்ல. ஆனா டெங்கு கொசு மாதிரி இது வீட்டுத் தொட்டியில வளர்றதில்லையே! தெருவுல புகை போட்டா ஏக்கர் கணக்கான வயலுக்கு என்ன ஆகும்? பன்னியைப் பிடிக்கலாம், கொக்கை யார் பிடிக்கிறது? நெல்லு போடாதேன்னு சொல்ல முடியுமா?

அதனால நான் கேட்கச் சொல்றது மூணாவது கேள்வி. "ரெண்டாவது ஊசி போட்டாச்சா?"

விழுப்புரம் மாதிரி பாதிப்புள்ள மாவட்டங்கள்ல அரசாங்கமே இந்த ஊசியை இலவசமா போடுது. 9 மாசம் முடிஞ்சதும் ஒண்ணு, 16-லேர்ந்து 24 மாசத்துக்குள்ள இன்னொண்ணு. முதல் ஊசிக்கு எல்லாரும் ஓடுவோம். குழந்தை நடக்க ஆரம்பிச்சுட்டா, "நல்லாத்தானே இருக்கான்"னு அட்டையை பீரோவுல வெச்சுடுவோம்.

தொற்று வந்த 250 பேர்ல சுமார் ஒருத்தருக்குத்தான் நோய் முத்துமாம். அப்புறம் எதுக்கு இவ்வளவு பயம்னு கேட்கலாம். முத்திடுச்சுன்னா கிருமியைக் கொல்ல மருந்தே இல்லைங்க. 100-க்கு 30 பேர் வரைக்கும் போயிடலாம். பிழைச்சவங்கள்லயும் 100-க்கு 20, 30 பேருக்கு வலிப்பு, கை கால் முடக்கம், பேச்சுப் போறதுன்னு ஆயுசுக்கும் நிக்கும். செத்தவங்க கணக்கு பேப்பர்ல வரும். அந்தப் பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிற அம்மா எந்தக் கணக்குலயும் வரமாட்டாங்க.

வீட்டுல சின்னப் பிள்ளை இருந்தா அந்த அட்டையை இன்னிக்கே எடுத்துப் பாருங்க. விட்டுப்போயிருந்தா கிராம நர்ஸம்மாகிட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கேளுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. இந்த ஊசி ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு மட்டும்தான். சாதாரண ஃப்ளூ காய்ச்சல்கூட அபூர்வமா சில குழந்தைங்களுக்கு மூளையைத் தாக்கும். எந்தக் காய்ச்சலா இருந்தாலும், வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டா முழிக்காம மயங்கிக் கிடந்தாலோ, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போய் நேரத்தை வீணாக்காதீங்க. 108-க்கு போன் போட்டு நேரா முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க.