சுருளகோடு முதல் மணக்குடி வரை ஒரு பட்டப்படிப்பு

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்லும் யாத்திரிகர்கள், சாலையோரக் குளங்களில் பூத்துக் கிடக்கும் தாமரையைக் கண்டு மனம் மகிழ்ந்து போவது வழக்கம். சென்ற கன்னிப்பூ நெற்பருவத்தில் ஒரு நாள் காலை, அப்பக்கத்துக் குளமொன்றின் கரையில், வயது எழுபதைக் கடந்த வயல்காரர் ஒருவருடன் நான் நெடுநேரம் நின்றிருந்தேன். நீண்ட வாலுடைய இலைக்கோழி ஒன்று தாமரையிலைகளின்மேல் கால் மாற்றிக் கால் வைத்து நடந்துகொண்டிருந்தது. சற்று அப்பால் ஒருவர் தெப்பத்தில் மண்டியிட்டுப் பூப்பறித்துக்கொண்டிருந்தார். எங்கள் காலடியில் மடையின் இரும்புப் பலகை துருவேறிப் பாதி திறந்தபடியே இறுகிக் கிடந்தது. "மீன் குத்தகைக்காரருக்குத் தண்ணி எறங்கப்பிடாது, எனக்க வயலுக்குத் தண்ணி எறங்கணும், பூவுக்குன்னா ஒரே மட்டுல நிக்கணும், எல்லாத்தையும் சேத்துப் பாக்கதுக்கு ஒரு ஆளு உண்டா தம்பி?" என்று அவர் கேட்டார்.

நான் விடை சொல்லவில்லை. சொல்லவேண்டுமானால், அப்படிப்பட்ட ஆளை உருவாக்கும் படிப்பு ஒன்றை நம்முடைய கல்லூரிகள் இன்னும் ஏற்படுத்தவில்லை என்பதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். விலங்கியல் கற்ற மாணாக்கன் இலைக்கோழியை அறிவான். பொருளியல் கற்றவன் குத்தகைத் தொகையைக் கணக்கிடுவான். ரசாயனம் கற்றவன் நீரைக் குப்பியில் எடுத்துச் சென்று சோதிப்பான். மூவரும் ஒரே கரையில் ஒரே நாளில் நின்று ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதற்கு நம் பாடத்திட்டத்தில் இடமில்லை. சர்வகலாசாலையில் பிரிந்த சாஸ்திரங்கள் சர்க்கார் அலுவலகங்களிலும் அவ்வாறே பிரிந்து, நீருக்கு ஒரு துறை, மீனுக்கு ஒரு துறை, பறவைக்கு ஒரு துறை, வயலுக்கு ஒரு துறை என்று அமர்ந்துவிடுகின்றன.

அந்தக் குளத்து நீர் வந்த வழியைப் பின்தொடர்ந்து போவோமானால் இக்குறை எவ்வளவு பெரியது என்பது விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் சுருளகோட்டருகே தொடங்கி மணக்குடிக் காயலில் கடலைச் சேரும் பழையாறு, தன் சொந்த மழையால் மட்டும் நாஞ்சில் நாட்டை நெல்விளையும் பூமியாக்கிவிடவில்லை. வேறொரு நதியான பரளியாற்றின் நீரைத் திருப்பி இதனோடு சேர்த்த, பாண்டியர் பெயராலேயே இன்றும் வழங்கும் பாண்டியன் காலும், ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் மிஞ்சின் என்ற எஞ்சினியரின் மேற்பார்வையில் எழுந்து 1906-இல் நிறைவெய்திய பேச்சிப்பாறை அணையும், பின்னர் வந்த பெருஞ்சாணியும், புத்தன் அணையிலிருந்து பிரியும் கால்வாய்களும், அவற்றின் நீரை வாங்கித் தேக்கி வைக்கும் 2,000-க்கு மேற்பட்ட குளங்களும் ஒன்றையொன்று பற்றி நின்றதனால்தான் இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் கடைவரம்பு வயல் காய்கிறது. காய்ந்த வயலை உடையவர் விற்கிறார். வாங்கியவர் மண்ணடித்து மனையாக்குகிறார். மனையான நிலத்தின் வழியே சென்ற ஓடை அடைபடுகிறது. அடுத்த ஐப்பசியில் வெள்ளம் வீட்டுக்குள் புகுகிறது. இதில் எது எஞ்சினியரிங், எது பொருளியல், எது சட்டம் என்று பிரிக்க எவரால் இயலும்?

சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூர் நீர்நிலையும் 2022-இல் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் பட்டியலில் ஏறிய குளத்துக்கு நீர் கொடுக்கும் கால்வாய் பட்டியலில் இல்லை என்பதை நாம் மறக்கலாகாது.

இத்துறைகளையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கற்பிக்கும் வளங்குன்றா வளர்ச்சி முதுகலைப் படிப்பு ஒன்றே நான் வேண்டுவது. வளங்குன்றா வளர்ச்சி என்ற சொல், 1987-இல் நார்வே நாட்டின் பிரதமர் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான உலகக் குழுவின் அறிக்கைக்குப் பின்னரே பிரசித்தி பெற்றது. 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை 17 இலக்குகளை வகுத்தது. ஆனால் அந்த அறிக்கைக்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே, தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, சிறைவாசத்திலே சிந்தித்து, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்று ஒரு நூல் எழுதியிருந்தார். லண்டனில் கணக்கியலும் கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளியலும் கற்றுத் திரும்பிய அவர், குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு மாத்தர் தாலுகாவின் கிராமங்களுக்குச் சென்று, குடியானவனின் நிலம், மாடு, கடன், வரி அனைத்தையும் நேரில் விசாரித்து எழுதிய ஆய்வே, என் அபிப்பிராயத்தில், இத்தகைய பட்டப்படிப்புக்கு நம் நாட்டில் கிடைக்கக்கூடிய முதல் முன்மாதிரி. டெல்லியிலும் பெங்களூரிலும் இன்று இப்படிப்பட்ட முதுகலைப் படிப்புகள் நடக்கின்றன. அங்கே சென்று படிக்கும் நம் பிள்ளைகளுக்கு யமுனையின் கதை தெரிகிறது, பழையாற்றின் கதை தெரிவதில்லை.

பல துறைகளைக் கலந்து படிப்பது நுனிப்புல் மேய்வதாக முடியும் என்று ஆசிரியர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆகையால், ஒரு துறையில் ஆழமாக இளங்கலை முடித்தவர்களையே இப்படிப்பில் சேர்க்கவேண்டும். இரண்டு ஆண்டுகளும் ஒரே ஆற்றுப்படுகையை விட்டு அவர்கள் விலகலாகாது. வெவ்வேறு துறையில் வந்த இருவர் ஒரே குளத்தைப் பற்றிச் சேர்ந்து ஆய்வேடு எழுதவேண்டும். அந்த ஏடு தமிழில் இருக்கவேண்டும். அதைப் பரீட்சிப்போரில் பாசன விவசாயி ஒருவரும் அமரவேண்டும். கடைவரம்பில் நிற்பவர் படித்துப் புரிந்துகொள்ள இயலாத ஆய்வினால் கடைவரம்புக்கு என்ன பிரயோஜனம்?

உத்தியோகம் கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். உறுதி கூற எவராலும் இயலாது. ஆனால் 2004-இல் கடல் பொங்கி மணக்குடிப் பாலத்தையே பெயர்த்தெறிந்ததையும், 2017-இல் ஒக்கிப் புயல் மீனவர்களைக் கடலிலும் வாழையையும் ரப்பரையும் கரையிலும் வாரிக்கொண்டதையும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று முப்பந்தலில் மின்சாரமாவதையும், வயல்களினூடே நான்குவழிச் சாலை செல்வதையும் கண்ட மாவட்டத்தில் இவ்வறிவு உடையவர்களுக்கு வேலை இல்லை என்று சொல்வது எனக்குப் பொருந்தவில்லை.

ஆசிரியர்களுக்கும் பஞ்சமில்லை. நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும், திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையமும், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள மேம்பாட்டுத் திட்டமும் உள்ளன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கெனத் தனி மையமே நடத்துகிறது. இவர்கள் யாவரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைக்கும் முயற்சியைப் பல்கலைக்கழகம் தொடங்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கன்னிப்பூவுக்காக அணை வழக்கமாகத் திறக்கப்படுவது ஜூன் முதல் தேதியை ஒட்டி. கல்லூரிகள் திறப்பதும் ஏறக்குறைய அந்நாட்களிலேதான். அடுத்த ஜூனில் முதல் வகுப்பைப் பேச்சிப்பாறை மதகருகே நடத்துங்கள். கடைசி வகுப்பு மணக்குடிக் காயலில் நடக்கட்டும்.