பலகைப் பொருத்தம்

தண்ணீர் மேல் நிற்பது சித்தர்கள் சமாச்சாரம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கம் போய்ப் பாருங்கள். வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்திருந்த ஆசாமிகள், தங்களைவிட உயரமான ஒரு துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் மேல் நெட்டுக்குத்தாக நிற்கிறார்கள். ஒரு அரை நிமிஷம். அப்புறம் 'தொபுக்கடீர்!' மறுபடி ஏறுகிறார்கள்.

இதற்கு 'ஸ்டாண்ட் அப் பேடில்' என்று பெயர். செல்லமாக 'சப்'. பெயர்தான் சப், விஷயம் சப்பென்று இல்லை. சாதாரண சர்ஃபிங்கில் பலகை மேல் குப்புறப் படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளி, அலை வந்ததும் குரங்கு மாதிரி எழுந்து நிற்க வேண்டும். இதில் ஆரம்பத்திலிருந்தே நின்றாயிற்று. 'எழுந்திருக்கிற வேலை மிச்சம், அப்ப நமக்கு ஈஸி' என்று தோன்றும். தோன்றிய மறுநாளே பலகை வாங்கக் கிளம்பிவிடுவதில்தான் வினை.

"சார், இதை எடுங்க. ஆல்ரவுண்டர் போர்டு. எல்லா அலைக்கும் போகும்."

ஆல்ரவுண்டர் என்றதும் நமக்குக் கபில்தேவ் ஞாபகம் வந்து, பர்ஸைத் திறந்துவிடுவோம். பலகை உலகத்து ஆல்ரவுண்டர் வேறு ஜாதி. அமைதியான தண்ணீரில் செஞ்சுரி போடும். முழங்கால் உயர அலையில் சிங்கிள் தட்டிச் சமாளிக்கும். தோள் உயரத்துக்கு ஒரு அலை வந்தால் முதல் பந்திலேயே பெவிலியன். ஆகவே முதலில் அலையைப் பாருங்கள். பத்து ஞாயிற்றுக்கிழமையில் ஒன்பது நாள் நீங்கள் எந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறீர்கள்? முட்டுக்காடு காயல் மாதிரி சலனமில்லாததிலா, கோவளம் அலையிலா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதிப் பணம் மிச்சம். நல்ல பலகை ஒன்றின் விலைக்குப் பழைய ஸ்கூட்டர் வாங்கலாம், ஞாபகம் இருக்கட்டும்.

பலகையின் பூர்விகம் ஹவாய்த் தீவு. அங்கே வைக்கீகி கடற்கரையில் டூரிஸ்டுகளுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்த 'பீச் பாய்ஸ்' பெரிய பலகையில் நின்றபடி, வள்ளத் துடுப்பைப் போட்டு, தங்கள் சிஷ்யர்களை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றால் தூரத்தில் வரும் அலையும் தெரியும், மூழ்கும் சிஷ்யனும் தெரிவான். 1990-களில் மாவி தீவில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா என்ற இரண்டு பேர் இதைத் தூசி தட்டி எடுத்தார்கள். 2000-க்கு அப்புறம் உலகம் பூராவும் பரவிவிட்டது. பரவியதும் 'இது யாருக்குச் சொந்தம்?' என்று இரண்டு சர்வதேச அமைப்புகள் அடித்துக்கொண்டன. பலகை இருக்கிறதே என்றது சர்ஃபிங் சங்கம். துடுப்பு இருக்கிறதே என்றது படகுச் சங்கம். இரண்டு டிபார்ட்மென்ட்டுக்கு நடுவே மாட்டிய ஃபைல் மாதிரி கேஸ் வருஷக்கணக்கில் இழுத்து, ஒலிம்பிக் அளவில் சர்ஃபிங் சங்கத்துக்கே பொறுப்பு என்று 2020-ல் விளையாட்டு நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. படகுக்காரர்களும் போட்டி நடத்திக்கொள்ளலாமாம்.

இரண்டு பேரும் நம்ம ஊர் மீனவரிடம் கேட்டிருக்கலாம். கட்டுமரத்தில் துடுப்புப் போட்டு, கரையில் உடையும் அலையைத் தாண்டுவது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையான வேலை. அந்தச் சொல்லைத்தான் இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டு போய், இரட்டை உடம்புப் படகுக்கு வைத்துவிட்டான். கட்டுமரத்தின் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, கவனித்திருக்கிறீர்களா? கூர்ந்து, மேலே தூக்கினாற்போல் இருக்கும். அலைக்குள் மூக்கைக் குத்திக்கொள்ளாமல் ஏறுவதற்கு. இதே வளைவைப் பலகைக் கடையில் 'ராக்கர்' என்று சொல்லி விற்கிறார்கள். இதற்குப் பிறகு வருவோம்.

முதல் கணக்கு எடை. பி.காம் படித்தவன் பௌதிகம் பேசக்கூடாதுதான், ஆனால் இது கிட்டத்தட்ட பேலன்ஸ் ஷீட். ஒவ்வொரு பலகையிலும் 'இத்தனை லிட்டர்' என்று போட்டிருக்கும். பெட்ரோல் டேங்க் என்று நினைக்க வேண்டாம். பலகையின் மொத்தக் கொள்ளளவு அது. தண்ணீருக்குள் அமுங்கும் ஒவ்வொரு லிட்டரும் சுமார் ஒரு கிலோவைத் தாங்கும். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில் கண்டுபிடித்த அதே விஷயம். நீங்கள் 75 கிலோ, பலகை ஒரு 10 கிலோ, துடுப்பும் நனைந்த துணியும் சேர்த்து இன்னொரு 2 கிலோ. ஆக 87. உங்கள் பலகை 85 லிட்டர் என்றால், நீங்கள் நிற்பீர்கள், பலகை உங்கள் காலுக்குக் கீழே மூழ்கியிருக்கும். சித்தர் போஸ்தான்.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு உடம்பு எடையைப் போல இரண்டு மடங்கு லிட்டர் என்பது நல்ல கணக்கு. 75 கிலோவுக்கு 150-க்கு மேல். பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலத்தில் பார்க்கப் பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி இருக்கும் பலகைகள் இந்த ரகம். அலையில் நன்றாகப் பழகியவர்கள் எடையைப் போல ஒன்றே காலிலிருந்து ஒன்றரை மடங்குக்கு இறங்குவார்கள். அதாவது 95 முதல் 110 லிட்டர். கடையில் இந்தச் சின்னப் பலகைதான் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும்.

"வெயிட் எவ்ளோ சார்?"

"அறுபத்தெட்டு."

இந்த அறுபத்தெட்டு ஜாதகத்தோடு பெண் வீட்டுக்கு அனுப்பிய வருஷத்து அறுபத்தெட்டு. அதற்கப்புறம் எத்தனை தீபாவளி போயிருக்கிறது! கடல் ஜாதகம் பார்க்காது. ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஆனால் லிட்டர் அதிகம் இருந்தால் எப்போதும் நல்லது என்றும் இல்லை. அமைதியான தண்ணீரில் அது அசெட். அலை உடைந்து நுரையாக வரும்போது அதே லிட்டர் லயபிலிட்டி. அவ்வளவு பெரிய பலகையை நுரை அள்ளிக்கொண்டு கரைக்கு விரையும். நடுவில் யாராவது குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தால் கதை வேறாகிவிடும்.

சரி, அலை எப்படிப் பிடிப்பது? ஓடும் பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? (இல்லை என்று மனைவி காதில் விழும்படி சொல்லுங்கள்.) பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடி, பஸ்ஸின் வேகம் நமக்கு வந்த பிறகுதான் ஃபுட்போர்டில் கால் வைக்க முடியும். அலையும் அப்படியே. அதன் வேகத்துக்கு நம் பலகை வந்தால்தான் அது நம்மை ஏற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் கீழே புகுந்து போய்விடும். முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வரும் சோம்பேறி அலை நம்மைத் தள்ளாது. நாமே ஓட வேண்டும். அதற்கு நீளமான, அடிப்பக்கம் தட்டையான, மூக்கு உருண்ட பலகை வேண்டும். ஒன்பதரை முதல் பத்தரை அடி. நீளப் பலகை வழுக்கிக்கொண்டு ஓடும். இந்த அலையில் ஏழரை அடிக் குட்டிப் பலகையை எடுத்துப் போனால், பஸ் போன பிறகு ஸ்டாப்பில் நிற்கிற கதைதான். ஏழரை என்ற எண்ணைப் பார்த்தாவது உஷாராக வேண்டாமா?

இடுப்பிலிருந்து நெஞ்சு உயரம் வரை ஒழுங்காக, வரிசையாக வரும் அலைக்கு எட்டரை முதல் ஒன்பதரை அடி, 30 அங்குல அகலம். இங்கேதான் பலகை திரும்ப ஆரம்பிக்கும், ஆளுக்கும் சர்ஃபிங் என்றால் என்னவென்று புரிய ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால், ஒரே பலகைதான் வாங்க முடியும், அலைதான் ஆசை, நிற்கவும் ஓரளவு பழகிவிட்டது என்கிறவர்கள் ஒன்பதரை அடியில் நின்றுகொள்வது உத்தமம்.

அதற்கு மேலே செங்குத்தாக எழுந்து, சுவர் மாதிரி நின்று, தலைமேல் கவிழும் அலை. இது தானே தள்ளிவிடும், ஓட வேண்டியதில்லை. இங்கே பிரச்னை நேர்மாறு. தட்டையான நீளப் பலகையோடு இந்தச் சரிவில் இறங்கினால் மூக்கு அடியில் குத்தி, பலகை நின்றுவிடும். நீங்கள் நிற்க மாட்டீர்கள். தொடர்ந்து போய்க்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் மூக்கும் வாலும் தூக்கிய வாழைப்பழ வளைவு, சின்ன நீளம், குறுகிய வால். கட்டுமரத்து அணியம் ஞாபகம் வருகிறதா? வால் கூராக இருந்தால் வேகத்தில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அகலமாக இருந்தால் சோம்பேறி அலையில் மிதந்து உதவும். அடியில் இருக்கும் ஃபின் சமாச்சாரம் சுலபம். ஒரே பெரிய ஃபின் நேராகப் போக, மூன்று ஃபின் திரும்ப. இதற்கு மேல் கடைக்காரர் விளக்கினால் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம்.

காற்றடிக்கும் பலகை ஒன்று உண்டு. சுருட்டிப் பைக்குள் போட்டு, முதுகில் மாட்டி எலக்ட்ரிக் ட்ரெயினில் ஏறிவிடலாம். உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் இழுத்துப் பிடித்திருப்பதால், 15 பவுண்டு அழுத்தம் அடித்ததும் மரம் மாதிரி விறைக்கும். ஏரி, காயலுக்கு ரொம்ப நல்ல சரக்கு. பெரிய அலையில் நடுவே வளையும். ஓரம் தடித்து உருண்டு இருப்பதால் அலையைக் கடித்துத் திரும்பாது. அலை ஆசை இருப்பவர்கள் கெட்டிப் பலகைக்கே போகலாம்.

காற்று என்றதும் இன்னொன்று. சென்னைப் பக்கம் பல நாள் விடிகாலையில் நிலத்திலிருந்து கடலைப் பார்க்க லேசான காற்று இருக்கும், அலை இஸ்திரி போட்ட மாதிரி வரும். பகல் ஏற ஏறக் கடல்காற்று எழுந்து தண்ணீரைக் கலைத்துவிடும். அந்த நேரத்தில் 32 அங்குலத்துக்குக் குறைந்த பலகையில் புதியவர் நிற்பது கூட்ட பஸ்ஸில் கம்பி பிடிக்காமல் நிற்பது போல. ஆனால் மெய்யான ஆபத்து காலைக் காற்றில்தான். நிற்கிற மனிதன் ஒரு பாய்மரம். நிலத்திலிருந்து பலமாக அடித்தால், உங்களுக்குத் தெரியாமலே கரை சின்னதாகிக்கொண்டே போகும். அப்போது கௌரவம் பார்க்காமல் மண்டி போட்டு, அல்லது படுத்துக்கொண்டு துழாவி வந்து சேர வேண்டும்.

உயரம் மட்டும் பார்த்து அலையை எடை போடுவதும் ஏமாற்றும். இரண்டு அலைக்கு நடுவில் எத்தனை செகண்ட் என்று எண்ணுங்கள். ஆறு என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை, சில்லறை. பதினைந்து என்றால் எங்கோ தென்சமுத்திரத்துப் புயல் கிளப்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்த ஆள். தூரத்தில் பார்த்தால் சாது, கரைக்கு வந்ததும் விசுவரூபம். உள்ளூரில் காற்றே இல்லாத நாளில்கூட வரும். இப்படித் திடீரென்று கரையேறுவதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். 2024 மே மாதம் அந்த எச்சரிக்கை இருந்த நாட்களில்தான் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் அலையில் போய்விட்டார்கள். பலகை எடுத்துப் போனவர்கள்கூட இல்லை. ஐதராபாத்தில் இருக்கும் 'இன்காய்ஸ்' என்ற மத்திய அரசு மையம் அலையின் உயரம், இடைவெளி எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிவிக்கிறது. இலவசம். சினிமா டிக்கெட் நிலவரம் பார்க்கும் அதே போனில் பார்த்துவிடலாம். அந்த எச்சரிக்கை இருக்கிற நாளுக்கு ஏற்ற பலகை எந்தக் கடையிலும் கிடையாது. டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான்.

பலகையோடு காலைக் கட்டும் கயிறு, 'லீஷ்', இல்லாமல் இறங்க வேண்டாம். டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்டது அமைதித் தண்ணீருக்கு. அலைக்கு நேரான கயிறு, கிட்டத்தட்ட பலகை நீளத்துக்கு. சுருள் கயிறு அலையில் இழுபட்டு, விட்டதும் பலகையை உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும். துடுப்பின் உயரம், கையைத் தூக்கினால் மணிக்கட்டு வரை என்பது சாதாரணக் கணக்கு. அலைக்குத் தலைக்கு மேல் நாலு விரற்கடை போதும். துடுப்பின் இலை முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பாதிப் பேர் திருப்பிப் பிடித்திருப்பார்கள், அதுவும் போட்டோவில்.

அலையில் மற்றவர்களும் இருப்பார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. நின்றுகொண்டு துடுப்புப் போடுபவர் தூரத்திலேயே அலையைப் பிடித்து எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ள முடியும். இதனால் வெளிநாட்டில் படுத்துப் போகும் கோஷ்டி, துடுப்புக் கோஷ்டியைத் 'துடைப்பம் தூக்கி' என்கிற மாதிரி கிண்டலடிக்கிறது. மூன்று அலைக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தால் டீக்கடையில் பேச்சுத் துணை கிடைக்கும்.

வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு எடுங்கள். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன, சொல்லிக்கொடுப்பவர்களில் நிறையப் பேர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். கடலைப் பார்த்தே 'இன்னிக்கு வேணாண்ணா' என்று சொல்லிவிடுவார்கள். சொன்னால் கேளுங்கள். மூன்று நான்கு வாரம் வேறு வேறு நீளத்தில் விழுந்து பார்த்தால் உங்கள் அளவு தானே தெரியும்.

கடைசியாக, வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தரை அடி. லிஃப்ட்டில் போகாது. மாடிப்படியில் நேராகப் போகும், திருப்பத்தில் நிற்கும். வராண்டாவில் சாய்த்தால் வீட்டு ஓனர் வருவார், பால்கனியில் வெளியே நீட்டினால் எதிர்வீட்டு மாமி துணி உலர்த்துவார். கடைக்குக் கிளம்பும்போது ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, முதலில் இரண்டாவது மாடித் திருப்பத்தை அளந்துவிடுங்கள்.